டாக்காவில் எல்லோருக்கும் வேலூர் தெரியும்

2016. டாக்காவுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தோல் ஷாப்புகள் நிறைந்த ஹசாரிபாக் பகுதியில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். எந்த ஊர் என்று கடைக்காரர் கேட்டார். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே? தமிழ்நாடு. அவருக்குப் பிடிபடவில்லை. சென்னை என்றேன். சும்மா தலையாட்டினார். சரி, இதையும் சொல்லிப் பார்ப்போம் என்று "வேலூர்" என்றேன். கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "பெலோரா? சிஎம்சி பெலோரா?"

அவருடைய அம்மாவுக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில்தான் சிறுநீரக ஆபரேஷன் நடந்ததாம். பேனாபோல் எல்லையைத் தாண்டி, கொல்கத்தா போய், ஹவுராவில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றில் 40 நாள் தங்கியிருக்கிறார்கள். பக்கத்துச் சந்தில் மீன் குழம்பும் சோறும் அவர்கள் ஊர் ருசியிலேயே கிடைத்ததாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த டீக்கடையில் தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை. பஸ் கண்டக்டர், வங்கி கேஷியர், விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் அதிகாரி என்று யாரிடம் வேலூர் என்று சொன்னாலும், அடுத்த வார்த்தை ஒரு நோயாளியைப் பற்றித்தான் இருக்கும். ஊரில் நான் பங்களாதேஷில் இருக்கிறேன் என்று சொன்னால் மட்டும், "அங்க இன்னாத்துக்குடா போனே?" என்கிறார்கள்.

என்னத்துக்குப் போனேன் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மாதனூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். நான் பிறந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். அப்புறம் பெயர் மாறி வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் அதையும் மூன்றாகப் பிரித்தார்கள். அப்பாவுக்கு ஆற்றோரம் இரண்டேகால் ஏக்கர் இருந்தது. தென்னை, நெல், கொஞ்சம் கரும்பு. எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள், கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று அம்மா சொன்னார். எங்கள் வீட்டில் முதல் அறிகுறி அதுதான். அடுத்த வருஷம் தென்னையில் குரும்பை கொட்ட ஆரம்பித்தது. கோடையில் விடிகாலை வயலுக்குப் போனால் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். நான் அதைப் பனி என்று நினைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உப்பு.

தோல் பதனிடும் ஷாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பதனிடப் போடுகிற க்ரோமியத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மலையைப் பார்த்தவர்கள் அதை மறக்க முடியாது. ஆனால் எங்கள் ஊர் நிலத்தைக் கொன்றது பெரும்பாலும் உப்பு. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டி அடுக்குகிறார்கள். ஷாப்புக்கு வந்ததும் ஊறவைத்து அலசும்போது அவ்வளவு உப்பும் தண்ணீரில் இறங்குகிறது. க்ரோமைச் சுண்ணாம்பு போட்டுப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது. ஆர்.ஓ. வைத்துப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைத்தால்தான் கையில் கிடைக்கும். அந்தச் செலவைச் செய்ய யாருக்கும் மனம் வராத காலத்தில் எல்லாம் ஏரிக்கும் ஆற்றுக்கும்தான் போனது. எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதப்படுத்துவார்கள். எழுபதுகளுக்கு அப்புறம் க்ரோம் பெருகியது. ஒரே நாளில் டிரம்மிலிருந்து வெட் ப்ளூ தோல் நீலமாக வெளியே வந்துவிடும். வேகம் கூடக்கூடத் தோலும் கூடியது, தண்ணீரும் கூடியது, உப்பும் கூடியது.

நிலம் போனது. அப்பா ஒரு ஷாப்பில் வாட்ச்மேன் ஆனார். நான் தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமா படித்தேன். நிலத்தைக் கெடுத்த தொழிலிலேயே நான் சோறு தின்கிறேன் என்பதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

ஹசாரிபாகில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மூக்குக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. அதே சுண்ணாம்பும் சவ்வும் கலந்த வாடை. சாக்கடையில் அதே நீலம். பக்கத்தில் ஓடிய ஆறு மட்டும் புரிகங்கா. ப்ளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்கிற அமைப்பு உலகத்திலேயே மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடும். 2006 பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. 2013 பட்டியலில் ஹசாரிபாக் இருந்தது. நான் ஒன்றிலிருந்து கிளம்பி இன்னொன்றுக்கு வந்திருக்கிறேன்.

2017 ஏப்ரலில், நீதிமன்ற உத்தரவின்படி ஹசாரிபாக் ஷாப்புகளுக்குக் கரண்டையும் கேஸையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். எல்லோரும் டாக்காவுக்கு வெளியே சவாரில் இருக்கும் ஹேமாயத்பூருக்கு மாறினோம். 2013-இல் ராணா பிளாசா என்கிற ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக் கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போன அதே சவார். இங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருந்தார்கள், ஆறும் வேறு, தலேஷ்வரி. ஆனால் வருஷத்துத் தோலில் ஏறக்குறைய பாதி பக்ரீத் முடிந்த சில வாரங்களில் வந்து குவிகிற நாடு இது. அந்த நாட்களில் லாரி லாரியாக உப்புத் தோல் இறங்கும், டிரம் நிற்காது, நிலையம் தாங்காது. கரையோரம் மீன்பிடிக்கிறவர் ஒருவர் என்னிடம் சண்டை பிடிக்கவில்லை, "தண்ணி நோனா ஆயிடுச்சு பாய்" என்று மட்டும் சொன்னார். நோனா என்றால் உப்புக் கரிக்கிறது என்று அர்த்தம். பருப்பு வேகுதா என்று அவரைக் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

சவாரில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவை எல்லோரையும் போல நானும் காலா என்றுதான் கூப்பிடுகிறேன். சித்தி, பெரியம்மா மாதிரியான முறை அது. வாணியம்பாடிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் கேட்டுப் பழகிய சொல் என்பதால் முதல் நாளே நாக்கில் வந்துவிட்டது. அவர் என்னைப் பாபா என்பார். இங்கே அம்மாக்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நாம் மகனையே "என்னப்பா" என்கிற மாதிரி. 2019-இல் அவருக்கு இதய வால்வு மாற்றியது வேலூரில். வருஷத்துக்கு ஒருமுறை ரிவ்யூவுக்குப் போய்வருவார். திரும்பி வரும்போதெல்லாம் எங்கள் ஊரைப் பற்றி எனக்கே தெரியாத ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொண்டு வருவார்.

2024 ஜூலையில் கல்லூரிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். 1971 விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவீத ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்ததுதான் தொடக்கம். 16-ஆம் தேதி ரங்க்பூரில் அபு சயீத் என்கிற மாணவர் இரண்டு கைகளையும் விரித்து நின்றபடியே சுடப்பட்டார். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இல்லை. 18-ஆம் தேதி ராத்திரி இன்டர்நெட் நின்றது. மறுநாள் ராத்திரி ஊரடங்கு. ஹெலிகாப்டர் சத்தம். மாடியில் துணி எடுக்கப் போன பெண்களைக் காலா சத்தம்போட்டுக் கீழே கூப்பிட்டார். என் மனைவி சத்துவாச்சாரியிலிருந்து மூன்று நாள் விடாமல் ஃபோன் அடித்திருக்கிறாள், லைன் கிடைக்கவில்லை. நான்காம் நாள் கிடைத்தபோது இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. "சாப்டீங்களா?" என்றாள். "ம்" என்றேன். அதற்கே ஒரு நிமிஷம் போய்விட்டது.

ஆகஸ்ட் 5. சவார் ரோட்டில் ஜனங்கள் டாக்காவைப் பார்த்து நடந்தார்கள். அன்று மதியம் பிரதமர் ஷேக் ஹசீனா ஹெலிகாப்டர் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார். சாயங்காலம் எங்கள் பக்கத்திலேயே, ஆசுலியாவில், சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் உடல்களை வண்டியில் போட்டு எரித்திருந்தார்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் 1,400 பேர்வரை இறந்திருக்கலாம் என்று பின்னால் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. அதில் பல பேர் சின்னப் பிள்ளைகள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன வேலூர்க் கோட்டை ஞாபகம் வந்தது. நாட்டை இழந்தவர்களை வைத்திருந்த ஊர் எங்களுடையது. கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கன் அங்கே சிறையிருந்து 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவருக்காகத்தான். திப்புவின் பிள்ளைகளும் கோட்டையில்தான் இருந்தார்கள். 1806 சிப்பாய் எழுச்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். 2022-இல் கோத்தபய ராஜபக்ச கொழும்பைவிட்டு ஓடினார், 2024-இல் ஹசீனா, 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் இரண்டே நாளில் நேபாளப் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். ஆட்சி போனவர்களுக்கு ஒரு விமானமோ ஹெலிகாப்டரோ கிடைத்துவிடுகிறது. நான் நினைத்துக்கொண்டிருந்தது ரோட்டில் நடந்துபோன பிள்ளைகளை. காலாவின் சின்ன மகனும் அதில் இருந்தான். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வீடு வந்தான், காலில் ஒரு செருப்போடு.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் எனக்கு ஜூலையைவிடக் கடினமாக இருந்தன. இங்கே இந்தியா மேல் கோபம். ஹசீனாவை இந்தியா வைத்திருக்கிறது என்று டீக்கடையில் உரக்கப் பேசுவார்கள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். ஊரிலோ வாட்ஸப்பில் வேறொரு பங்களாதேஷ். இந்துக்கள் யாரும் மிஞ்சவில்லை என்கிற மாதிரி. அம்மா அழுதுகொண்டே, "வந்துடுடா, கூழோ கஞ்சியோ குடிச்சிக்கலாம்" என்றார். இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டது உண்மை. அதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோயில் வாசலில் மதரஸாப் பிள்ளைகள் இரவெல்லாம் காவல் இருந்ததும் உண்மை. ஆனால் எங்கள் தெரு குரூப்பில் முதல் செய்தி நூறு முறை வந்தது, இரண்டாவது ஒருமுறைகூட வரவில்லை.

அந்தக் குரூப்பில் "பங்களாதேஷி" என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டும் சொல்லானதைப் பார்த்தேன். 2025-இல் வடக்கே பல நகரங்களில் வங்காளம் பேசும் கூலிக்காரர்களைப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஒருவர் கைதட்டும் படம் போட்டார். அவர் வீட்டுக்குப் பின்னால்தான் ஷாப் பையன்கள் எட்டுப் பேர் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள், வங்காளம் பேசுகிறவர்கள். 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்காளத்துப் பிள்ளைகள். நம் தோலின் கழிவில் மூழ்கிச் செத்தவர்களின் மொழி அது. இதை நான் குரூப்பில் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "எழுதினது சரிதான்டா" என்றார்.

காலாவின் ரிவ்யூ 2024 செப்டம்பரில். ஆகஸ்டுக்குப் பிறகு இந்திய விசா மையங்கள் மூடிக்கிடந்தன. திறந்தபோதும் அவசர மருத்துவத்துக்கும் இன்னும் சிலவற்றுக்கும் மட்டும், அதுவும் கொஞ்சமாக. காலாவின் பெரிய மகன் விடிகாலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாள் கிடைக்குமா என்று பார்ப்பான். கிடைக்காது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தப் பரிசோதனையை டாக்காவிலேயே செய்துகொள்ளலாம், செய்தார்கள். ஆனால் ஆபரேஷன் ஆனதிலிருந்து தன் நெஞ்சைக் கேட்டுப் பார்த்த டாக்டரை அவருக்குப் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் சீனா, தன் குன்மிங் நகர ஆஸ்பத்திரிகளுக்கு முதல் தொகுதி நோயாளிகளை இங்கிருந்து கூட்டிப்போனபோது மகன் அதைச் சொன்னான். "சீனாவுல நான் யாரோட பேசுவேன், பாபா?" என்று என்னைத்தான் கேட்டார். பெரிய நாடுகள் போடுகிற கணக்குகளில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்குமா என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். காலாவின் மருந்துச் சீட்டோடு காந்தி ரோட்டுக்குப் போனால் வழக்கமான நெரிசல் இல்லை. மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் வருகிறார்கள், எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள்தான் இல்லை. லாட்ஜ் மேனேஜர் பழைய ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார், முன்பெல்லாம் பக்கத்துக்குப் பாதி பங்களாதேஷ் பாஸ்போர்ட். சோற்றுக்கடை அக்காவிடம் மீன் வாங்கும் அளவு பாதியாகிவிட்டதாம். "அந்த ஜனங்கோ கடன் வெச்சதே இல்ல சார். எப்போ வருவாங்கோ?" என்றார். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம் அது. யார், எந்த ஊர் என்று பார்த்து அந்தத் தெரு ஒருநாளும் சோறு போட்டதில்லை. வங்காளத்தில் போர்டு எழுதத் தெரிந்த தமிழன் அங்கே மட்டும்தான் இருக்கிறான்.

நான் ஊரில் இருந்தபோதே, ஜனவரி 30-ஆம் தேதி, பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. முதல் தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. மாசுபடுத்தியவனே விலை கொடுக்க வேண்டும் என்று சொன்ன அந்தத் தீர்ப்பில்தான், எங்கள் பக்கம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்று பதிவானது. நாடெங்கும் சட்டக் கல்லூரியில் அதைப் படிக்கிறார்கள். அப்பாவுக்கு நஷ்டஈடாக வந்த பணத்தில் ஒரு போர்வெல் போட முடியவில்லை. இப்போது, 28 வருஷம் கழித்து, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுக்க வேண்டும், கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பேப்பரைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "தண்ணி எப்போ திரும்புமின்னு எழுதிகீதா?" என்றார். இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன். நீதிபதிகள் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்பா கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

2025 ஆகஸ்டில் வந்தது வரி. அமெரிக்கா பங்களாதேஷ் சரக்குக்கு 20 சதவீதம், வியட்நாமுக்கு 20, இந்தியாவுக்கு முதலில் 25, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக 27-ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25. மொத்தம் 50. என் தங்கச்சி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருத்தி. செப்டம்பரில் ஓ.டி. நின்றது. அப்புறம் வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்றார்கள். பிள்ளையின் பாலிடெக்னிக் ஃபீஸ் பாக்கி நின்றது.

அதே செப்டம்பரில் இங்கே எங்கள் மார்க்கெட்டிங் ஆள் சிரித்த முகத்தோடு வந்தார். ஆர்டர் கேட்டுப் புது விசாரணைகள். சாம்பிளைப் பிரித்துப் பார்த்தேன். ஆட்டுத்தோல், மெல்லிசு, கறுப்பு, ஒரு குறிப்பிட்ட பதத்தில் ஃபினிஷிங். எனக்கு அந்தத் தோலைத் தெரியும். ஆம்பூரில் நான் வேலை கற்றுக்கொண்டதே அந்த ஆர்டரில்தான். அதை இங்கே கொண்டுவருவது எப்படி என்று என்னைக் கேட்கிறார்கள், ஏனென்றால் அது எனக்குத்தான் தெரியும். இரண்டு நாள் அந்தத் தோலுக்கான ரெசிப்பியை எழுதாமல் வைத்திருந்தேன். நான் எழுதாவிட்டால் வியட்நாமில் ஒருவர் எழுதுவார். சவாரில் டிரம் ஓட்டுகிற பையன்களுக்கும் தங்கச்சி இருக்கிறாள், ஃபீஸ் இருக்கிறது. மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் தங்கச்சிக்கு ஃபோன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீ நல்லா இருண்ணா," என்றாள், "எங்கியோ ஒரு எடத்துல ஓடட்டும்." அந்த மாதத்திலிருந்து ஃபீஸ் நான் கட்டுகிறேன். அது சரியான கணக்கு ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் காலாவுக்கு விசா வந்தது. ஒரு வருஷம் ஒரு மாதம் கழித்து. பாஸ்போர்ட்டை மார்போடு பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார், மூச்சு வாங்கியது. நவம்பர் முதல் வாரம் கிளம்புகிறார்கள். காட்பாடியில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், ஆட்டோவுக்கு எவ்வளவு, ஃபோன் சிம்முக்கு யாரைப் பார்ப்பது எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். அவருக்கு அதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும், இருந்தாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஸ்டேஷனுக்கு என் மனைவி போகிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் வீட்டில் சாப்பாடு.

நேற்று ராத்திரி அம்மா ஃபோன் பண்ணினார். அந்தம்மாவுக்கு மீன் இருந்தால் போதுமா, வேறு என்ன செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஏன்டா, அவங்களுக்கு உப்பு ஆவாதுன்னியே. நம்ம போர்த் தண்ணியில சமைக்கலாமா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல். கேன் தண்ணிக்காரனிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கேன் சொல்லியாகிவிட்டதாம்.